சத்தம் நின்ற காலை

அத்தியாயம் 17

போன வாரம் மருந்துக்கடைப் பெண்ணை ஆஸ்பத்திரி நடைபாதையில் சுவரோரமாக நிற்கவைத்துவிட்டு வந்தோம். டாக்டர் அவளை மட்டும் தனியே கூப்பிட்டு ஏதோ சொன்னார். அவள் முகத்தில் ஈயாடவில்லை. என்ன சொன்னார், என்ன சொன்னார் என்று ஆளாளுக்குக் கேட்டு என்னைத் துளைத்துவிட்டீர்கள். சரி, இந்த வாரம் ஒளிக்கப் போவதில்லை. அதற்கு முன்னால், இன்றைக்குத்தான் புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு நாலு வார்த்தை.

அவளுடைய அப்பா லிஃப்ட் மெக்கானிக். கம்பெனியில் எல்லாருக்கும் அவர் 'காதண்ணன்'. நீளமான ஸ்குரூடிரைவரின் நுனியை ஓடுகிற மோட்டார் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு ஒட்டிவைத்துக்கொண்டு கண்ணை மூடுவார். எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது, எது இன்னும் கொஞ்ச நாள் தாங்கும் என்று கேட்டே சொல்லிவிடுவார்.

அப்படிப்பட்ட மனுஷனின் இடது காதுக்குள் ஒரு நாள் யாரோ மாவு சலிக்க ஆரம்பித்தார்கள். உஷ்... உஷ்... உஷ்... நாடி எப்படித் துடிக்கிறதோ அதே கணக்கில். மாடி ஏறினால் வேகமாகச் சலிக்கும், உட்கார்ந்தால் நிதானமாகச் சலிக்கும். நிற்க மட்டும் நிற்காது. கழுத்தில் ஓரிடத்தில் இரண்டு விரலை வைத்து அழுத்தினால் கொஞ்சம் அடங்கும். அப்படி அழுத்திக்கொண்டே ஒரு மோட்டாரைக் கேட்கப் போய், கண் இருட்டி விழுந்தார். மேனேஜர் அவரைத் தூக்கி ஸ்டோர் ரூமில் போட்டுவிட்டார். போல்ட்டும் நட்டும் எடுத்துக் கொடுக்கிற வேலை.

சொன்னால் யார் நம்பினார்கள்? ஒரு டாக்டர் வயசு என்றார், இன்னொருவர் டென்ஷன் என்றார். வீட்டின் முன்னறையில் தையல் கடை வைத்திருக்கும் அவர் மனைவி, "எல்லாம் மனசுதாங்க, காதுல போட்டுக்காதீங்க" என்றாள். உள்ளேயே குடியிருப்பதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் எப்படி இருப்பது?

கடைசியில் மகள்தான் ஒரு கிறுக்குக் காரியம் செய்தாள். அப்பாவின் ஸ்குரூடிரைவர் நுனியில் அம்மாவின் வெட்டுத்துணியைச் சுற்றி, அவர் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்து, கைப்பிடியில் தன் காதை வைத்தாள். அவளுக்கும் கேட்டது. அம்மாவைக் கூப்பிட்டாள். அம்மாவுக்கும் கேட்டது. "இத்தனை நாளா இதையா கேட்டுக்கிட்டிருந்தீங்க?" என்று தையல்காரி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

அதற்குப் பிறகுதான் சரியான டாக்டர், ஸ்கேன், எல்லாம். மண்டைக்குள் இரண்டு ரத்தக்குழாய்கள் சேரக்கூடாத இடத்தில் சேர்ந்துவிட்டன. வேகமாக ஓடவேண்டிய ரத்தம், மெல்லிய குழாய்க்குள் பாய்ந்து இரைகிறது. தொடை வழியாகக் கம்பி விட்டு அந்த இடத்தை அடைக்க வேண்டும். நாள் குறித்துவிட்டார்கள். இன்று மத்தியானம் போய்ப் படுக்க வேண்டியது.

இனி நடைபாதை. டாக்டர் மகளிடம் சொன்னது இதுதான்: "சத்தம் இருக்கிற வரைக்கும் நமக்கு அவகாசம் இருக்கு. அது தானா திடீர்னு நின்னா சந்தோஷப்பட்டுடாதீங்க. ரத்தம் போய்க்கிட்டிருந்த வழி அடைச்சு, மூளைப் பக்கம் திரும்பியிருக்கலாம். அந்த நிமிஷமே கூட்டிட்டு வந்துடணும். வீட்டில எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க."

சொன்னாளா? இல்லை. இந்த இடத்தில் நீங்கள் அவளைத் திட்டலாம், நான் குறுக்கே வரமாட்டேன். ஆனால் அவள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அப்பாவிடம் சொன்னால் நிற்கிறதா, நிற்கிறதா என்று சத்தத்தையே காவல் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், இருக்கிற துளித் தூக்கமும் போய்விடும். அம்மாவிடம் சொன்னால் அம்மா வாயை மூடிக்கொள்வாள், அவள் முகம் மூடிக்கொள்ளாது. அதனால் காதும் காதும் வைத்த மாதிரி தானே பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் அப்பாவிடம் ஒரு கேள்வி கேட்பாள்.

"அப்பா, சலிக்குதா?"

"சலிக்குது, சலிக்குது. போடி எறும்பு, உனக்குக் கிண்டலா இருக்கு."

அந்தப் பதிலை வாங்கிக்கொண்டுதான் செருப்பு மாட்டுவாள். எறும்பு என்பது அவர் வைத்த பேர், சின்ன வயதிலிருந்தே சுறுசுறுப்பு.

இன்று காலை கடையில் இன்னொரு பெண் வரவில்லை என்று சீக்கிரமே வரச் சொல்லிவிட்டார்கள். எறும்பு அப்பாவின் அறைக் கதவை ஒருக்களித்துப் பார்த்தாள். அவர் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். அப்படித் தூங்கி அவள் பார்த்து எத்தனையோ காலமாகிவிட்டது. எழுப்ப மனசு வரவில்லை. எப்படியும் மத்தியானம் ஆஸ்பத்திரிதானே என்று கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

*

காதண்ணன் கண் விழித்தபோது ஏதோ குறைந்தது. எழுந்து உட்கார்ந்து அறையைச் சுற்றிப் பார்த்தார். அலமாரி இருந்தது, ஜன்னல் இருந்தது. முன்னறையில் கத்தரிக்கோல் துணியை வெட்டிக்கொண்டு போகிற சத்தம். குளியலறைக் குழாயில் சொட்டு. தெருவில் யாரோ கடை ஷட்டரைத் தூக்கினார்கள். ஒவ்வொன்றும் கழுவித் துடைத்து வைத்த மாதிரி தனித்தனியாகக் கேட்டது.

அப்புறம்தான் உறைத்தது. சலிப்பு இல்லை.

பழக்க தோஷத்தில் இரண்டு விரலும் கழுத்துக்குப் போயிருந்தன. அவற்றை எடுத்துவிட்டுப் பார்த்தார். தலையை இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். ஊஹூம்.

"ஏய்! இங்க வா! ஓடி வா!"

கழுத்தில் இஞ்ச் டேப்போடு தையல்காரி ஓடி வந்தாள். "என்னங்க, என்ன ஆச்சு?"

"பேசு."

"என்னத்தப் பேச?"

"எதையாவது பேசு."

"காலங்காத்தால விளையாட்டா? சட்டைக்குக் கை வெட்டிட்டிருக்கேன், அந்தம்மா இப்ப வந்து வாசல்ல நிக்கும். நீங்க என்னடான்னா..."

"நின்னுடுச்சு" என்றார்.

"எது?"

இடது காதைத் தொட்டுக் காட்டினார்.

அவள் நம்பவில்லை. அலமாரி மேலிருந்து துணி சுற்றிய ஸ்குரூடிரைவரை எடுத்தாள். "திரும்புங்க. அசையாதீங்க." காதுக்குப் பின்னால் வைத்துக் கேட்டாள். கொஞ்சம் தள்ளி வைத்துக் கேட்டாள். தன் மூச்சே இடைஞ்சலாக இருக்கிறது என்று அதையும் அடக்கிக்கொண்டு கேட்டாள்.

பிறகு ஸ்குரூடிரைவரைக் கட்டில் மேல் போட்டுவிட்டு, அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

அவள் பட்டதும் கொஞ்சநஞ்சமா? படுக்கையில் சுற்றிலும் அமைதியாகிவிட்டால் அவருக்குச் சலிப்பு பெரிதாகக் கேட்கும். அதனால் அவர் கண் அசரும்வரை பக்கத்திலேயே மிஷினைப் போட்டு ஓட்டிக்கொண்டிருப்பாள். தைக்கத் துணி இருந்தால் தைப்பாள். இல்லாவிட்டால் நூலும் இல்லாமல், துணியும் இல்லாமல், சும்மா மிதித்துக்கொண்டே இருப்பாள். இடுப்பு விட்டுப்போகும். நம்பாமல் இருந்த நாளுக்கெல்லாம் சேர்த்து மிதித்தாள் என்றுதான் எனக்குத் தோன்றும்.

"எறும்புக்கு போன் போடு" என்றார் அவர்.

"கடையில போனை லாக்கர்ல வெச்சுடுவா. மத்தியானம் உங்களைக் கூட்டிட்டுப் போக வருவா இல்ல, அப்பச் சொல்லிக்கலாம். அவ மூஞ்சி எப்படி ஆகுதுன்னு நான் நேர்ல பாக்கணும்."

"ஆஸ்பத்திரி எதுக்கு இனிமே? சத்தம் போச்சு, வேலை முடிஞ்சுது."

"அப்படியா சொல்றீங்க?"

"தொடையில கம்பி விட்டு மண்டை வரைக்கும் கொண்டு போறானாம். கேக்கவே பயமா இருக்கு. தானா சரியானதைப் போய் யாராவது நோண்டுவாங்களா?"

அவளுக்கும் அந்தக் கம்பி என்றால் பயம்தான். அதனால் போனை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவரே ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணினார். எடுத்த பெண், "டாக்டர் ஆபரேஷன்ல இருக்காருங்க, வெளிய வந்ததும் கேட்டுச் சொல்றேன். எதுக்கும் ஒரு தடவை வந்துட்டுப் போயிடுங்களேன்" என்றாள்.

"அதெல்லாம் எதுக்கும்மா? நான் நல்லா இருக்கேன். அந்தப் படுக்கையை வேற யாருக்காவது குடுங்க. பாவம், என்னை மாதிரி எத்தனை பேர் காத்துக் கிடக்காங்களோ" என்றார். வள்ளல்!

போனை வைத்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "தலை மட்டும் கொஞ்சம் பாரமா இருக்கு."

"ரொம்ப நாள் கழிச்சு அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினீங்க இல்ல, அதான்" என்றாள் தையல்காரி. சூடாக ஒரு டீ போட்டுக் கொடுத்தாள்.

*

தையல்காரியின் தம்பியும் அதே கம்பெனிதான். தொழில் கற்றது காதண்ணனிடம். கம்பெனி வேனில் வந்து ஹாரன் அடித்த மச்சான், வாசலில் யூனிஃபார்மோடு நின்ற காதண்ணனைப் பார்த்து மிரண்டுபோனான்.

"அத்தான், இன்னைக்கு ஆஸ்பத்திரி இல்ல?"

"ஆஸ்பத்திரியும் இல்ல, ஸ்டோர் ரூமும் இல்ல. உன்கூட வர்றேன். எந்த லிஃப்ட் இன்னைக்கு?"

"மேனேஜர் திட்டுவாரு அத்தான்."

"திட்டட்டும்டா. கேக்குறதுக்கு இப்ப ரெண்டு காது இருக்கு."

போனது ஒரு பழைய எட்டு மாடிக் கட்டடம். மாடிக்கு மாடி சின்னச் சின்ன ஆபீஸ்கள். பல் டாக்டர், வக்கீல், கணக்குப் பார்க்கிறவர். இத்தனை பேருக்கும் ஒரே லிஃப்ட்தான். அதை இழுக்கிற மோட்டார் மொட்டைமாடி அறையில் இருக்கிறது. லிஃப்ட்டிலேயே மேலே போனார்கள். போகிற வழி முழுக்க அவர் கண்ணை மூடிக்கொண்டு சுவரில் கை வைத்தபடி நின்றார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து, கூட வந்த பல் டாக்டரின் நர்ஸ் மச்சானிடம் கண்ணாலேயே 'யார் இவர்?' என்று கேட்டாள்.

மோட்டார் அறையில் எண்ணெய் வாசனையும் சூடும். காதண்ணன் வீட்டுக்கு வந்தவர் மாதிரி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"பின்பக்க பேரிங்தான் அத்தான் ஒரு மாசமா கரகரன்னு கத்திட்டிருந்துச்சு. புதுசு கேட்டிருக்கு, இன்னும் வந்து சேரலை. ஆனா பாருங்க, நேத்து சாயங்காலத்திலேருந்து சத்தமே இல்ல. தானா சரியாயிடுச்சு."

அவர் ஸ்குரூடிரைவரை ஊன்றிக் கேட்டார். கேட்கக் கேட்க முகம் மாறியது.

"நிறுத்து."

"என்ன அத்தான்?"

"லிஃப்ட்டைக் கீழ அனுப்பி, ஆளை இறக்கிட்டு, நிறுத்துடா!"

மச்சான் ஓடி நிறுத்தினான். பெரிய சக்கரம் ஒரு முறை தயங்கி நின்றது.

"சத்தம் நின்னா நல்லதுதானே அத்தான்?"

"யாருடா உனக்குத் தொழில் சொல்லிக் குடுத்தது?"

"நீங்கதான்."

"அப்ப என்னைத்தான் செருப்பால அடிக்கணும். கத்துற பேரிங் இன்னும் தாங்குறேன்னு சொல்லுது. கத்திக்கிட்டே இருந்தது திடீர்னு அடங்கினா, உள்ள உடைய வேண்டியதெல்லாம் உடைஞ்சு தூளாயிடுச்சுன்னு அர்த்தம். அடுத்தாப்ல அப்படியே கவ்விக்கும். நடு வழியில. ஆளோட."

சொன்னார். அவர் வாயாலேயே சொன்னார், அவர் காதாலேயே கேட்டார். அப்போதும் அந்த மனுஷனுக்கு உறைக்கவில்லை. எழுதிக்கொண்டிருக்கிற எனக்கே அவரைத் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருக்கிறது. மோட்டாரைப் பற்றி என்றால் எமகாதகர், தன் மண்டையைப் பற்றி என்றால் பச்சைக் குழந்தை.

மெயின் ஸ்விட்சை இறக்கி, பையிலிருந்து தன் பூட்டை எடுத்து அதில் மாட்டிப் பூட்டினார். இந்தத் தொழிலில் ஆளுக்கொரு பூட்டு. ஒருவர் போட்ட பூட்டை அவரேதான் திறக்க வேண்டும், முதலாளியே வந்து கேட்டாலும் இன்னொருவர் கை வைக்கக் கூடாது. மறதியாக யாராவது ஸ்விட்சைப் போட்டு, உள்ளே கை வைத்தவன் நசுங்கிச் செத்த கதைகளிலிருந்து வந்த வழக்கம் அது. சாவியைப் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

"ஒவ்வொரு மாடியிலும் போய் போர்டு மாட்டிட்டு வா. நான் கழட்ட ஆரம்பிக்கிறேன்."

மச்சான் எட்டு மாடியும் இறங்கி, போர்டு மாட்டி, எல்லாரிடமும் பேச்சு வாங்கிக் கட்டிக்கொண்டு, மூச்சு வாங்க ஏறி வந்தான். காதண்ணன் டூல்ஸ் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். ஒரு போல்ட்கூடக் கழற்றவில்லை. ஸ்குரூடிரைவர் தரையில் கிடந்தது.

"அதை எடு" என்றார்.

"எதை அத்தான்?"

"அதாண்டா... அது..." இடது கையை நீட்டிக் காட்டினார். "அது... கேக்குறது..."

மச்சான் ஸ்குரூடிரைவரை எடுத்துக் கொடுத்தான். அவர் வாங்கிக்கொள்ள வலது கையை நீட்டவில்லை. அந்தக் கை மடியில் அப்படியே கிடந்தது.

"பேர் வர மாட்டேங்குதுடா" என்று சிரித்தார். சிரிப்பு ஒரு பக்கம் மட்டும்தான் வந்தது.

*

எறும்பு வீட்டுக்கு வந்தபோது ஜன்னலெல்லாம் திறந்திருந்தது. அம்மா மிஷினில் உட்கார்ந்து நிஜத் துணியை, நிஜ நூலால் தைத்துக்கொண்டிருந்தாள். வாயில் ஏதோ பாட்டு.

"கண்ணை மூடு" என்றாள் அம்மா.

"விளையாடாதம்மா, கிளம்பணும். டாக்ஸி சொல்லிட்டேன். அப்பா குளிச்சாச்சா?"

"அப்பா வேலைக்குப் போயாச்சு."

"என்னது! இன்னைக்கா? ஸ்டோருக்கா?"

"ஸ்டோருக்கு இல்லடி, லிஃப்ட்டுக்கு. உங்க மாமாகூட. ஆஸ்பத்திரிக்கும் வரலைன்னு அவரே போன் பண்ணிச் சொல்லிட்டாரு." அம்மா எழுந்து வந்து மகளின் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டாள். "நின்னுடுச்சுடி எறும்பு! சத்தம் நின்னுடுச்சு! நானே வெச்சுக் கேட்டுட்டேன்."

மகள் முகத்தை நேரில் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள் அல்லவா? பார்த்தாள்.

"எப்ப?" என்றாள் எறும்பு.

"காலையில எந்திரிக்கும்போதே இல்லையாம். ஏண்டி, என்னடி ஆச்சு உனக்கு?"

"தலைவலின்னு சொன்னாரா?"

"பாரமா இருக்குன்னாரு. தூங்கினதுல... ஏய், சொல்லித் தொலை. என்ன?"

எறும்பு சொன்னாள். நடைபாதையில் டாக்டர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் அப்படியே சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை அம்மா இமைகூடக் கொட்டவில்லை.

"உனக்குத் தெரியும்."

"தெரியும்மா."

"தெரிஞ்சு வாயை மூடிக்கிட்டு இருந்தே."

"அதுக்காகத்தான் தினமும் காலையில கேட்டுட்டே போவேன். தினமும் கேட்டேன்மா! இன்னைக்கு ஒரு நாள்தான் நல்லாத் தூங்குறாரேன்னு..."

அம்மாவின் கை ஓங்கியது. அடிக்கவில்லை. அந்தக் கையாலேயே கதவைப் பிடித்துக்கொண்டாள். "நான் சந்தோஷத்துல அழுதேன்டி" என்றாள். "அவர் மேல சாஞ்சுக்கிட்டு அழுதேன். டீ போட்டுக் குடுத்து அனுப்பி வெச்சேன்."

அப்பாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மாமாவுக்குப் போட்டாள். எடுத்தான்.

"மாமா, அப்பா எப்படி இருக்காரு?"

"ஒரு மாதிரி இருக்காரும்மா. பேச்சு தட்டுது. வலது கையைத் தூக்கவே மாட்டேங்கிறாரு. இந்த ரூம் சூட்டுல ஏதாவது ஆயிடுச்சோன்னு தண்ணி குடுக்கப் போனேன்..."

"ஒண்ணும் குடுக்காதீங்க! சாய்ச்சுப் படுக்க வைங்க. நான் ஆம்புலன்ஸைக் கூப்பிடுறேன்."

அம்மாவின் போனில் ஆம்புலன்ஸைப் பிடித்தாள். கட்டடத்தின் அடையாளம் சொன்னாள். வண்டி வந்துகொண்டிருக்கிறது, முடிந்தால் வாசல்வரை இறக்கி வைத்திருங்கள், நேரம் மிச்சமாகும் என்றார்கள். இரண்டு பேரும் டாக்ஸியில் விழுந்தடித்து ஏறினார்கள். வீட்டுக் கதவைப் பூட்டினார்களா என்று இரண்டு பேருக்குமே நினைவில்லை.

"மாமா, வாசலுக்கு இறக்குங்க. லிஃப்ட்ல கொண்டு வந்துடுங்க."

அந்தப் பக்கம் பூட்டை இழுத்துப் பார்க்கிற சத்தம்.

"மாமா!"

"லிஃப்ட்டை உங்கப்பா பூட்டிட்டாரும்மா."

"திறங்க!"

"அவர் பூட்டும்மா அது. சாவி அவர் பாக்கெட்ல இருக்கு."

"எடுத்துத் திறங்க மாமா! இப்பப் போய் என்ன பூட்டு, சட்டம்!"

போன் எங்கோ உரசுகிற சத்தம். "அத்தான், சாவி. சாவியைக் குடுங்க அத்தான். கையை எடுங்க. நான்தான், உங்க மச்சான்தான்." பிறகு காதண்ணனின் குரல் கேட்டது. எறும்புக்கு அது அப்பாவின் குரல் என்று புரியவே கொஞ்ச நேரம் ஆனது. கல்லை வாயில் போட்டுக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது.

"வேணாம்... ஆளோட... ஆளோட..."

"குடுக்க மாட்டேங்கிறாரும்மா" என்றான் மச்சான். அழுதுகொண்டிருந்தான். "பாக்கெட்டை இடது கையால இறுக்கிப் பிடிச்சிருக்காரு. அந்தக் கையில இன்னும் பலம் இருக்கு. பிடுங்கினாலும் எனக்குப் பயமா இருக்கு. பேரிங் உடைஞ்சிருக்குன்னு அவர்தான் சொன்னாரு. அவர் சொல்லி இது வரைக்கும் ஒரு தடவைகூடத் தப்பானதில்ல. நடுவில மாட்டிக்கிட்டா என்ன பண்ணுவேன்?"

தையல்காரி மகளின் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். "தம்பி. முதுகுல ஏத்திக்கோ. படியில இறங்கு."

"எட்டு மாடி, அக்கா."

"நீ சின்னவனா இருந்தப்ப காய்ச்சல்னா உன்னைத் தூக்கிட்டு ஓடுவாரே, எத்தனை தடவை? இறங்குடா."

அவன் போனை ஸ்பீக்கரில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். டாக்ஸிக்காரர் ரேடியோவை வைத்திருந்தார். "அண்ணே, அதை நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று எறும்பு கத்தினாள். டாக்ஸிக்குள் அமைதியானதும் போன் வழியாக மச்சானின் பூட்ஸ் சத்தம் தெளிவாகக் கேட்டது. தொப், தொப், தொப். ஒவ்வொரு படியாக. "பிடிச்சுக்குங்க அத்தான். இன்னும் கொஞ்சம்தான். இதோ ஆறு. ஆறாவது மாடி வந்தாச்சு."

முன்னால் சிவப்பு விளக்கு. வண்டிகள் வரிசையாக நின்றன. எறும்பு கதவைத் திறந்துகொண்டு இறங்கி ஓடிவிடலாமா என்று பார்த்தாள். ஓடி எட்டுகிற தூரம் இல்லை. ஒரு வருஷமாக அந்தச் சத்தம் ஒழிய வேண்டும் என்று வேண்டாத நாள் இல்லை. இப்போது அது திரும்பி வந்துவிட வேண்டும், ஒரே ஒரு தடவை சலித்தால் போதும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நீங்களும் நானும் வேறென்ன நினைப்போம்?

"அஞ்சு" என்றான் மச்சான். மூச்சு இரைத்தது. "அத்தான், அஞ்சு. கழுத்தைச் சுத்திப் பிடிங்க. ஒரு கையாலயாவது பிடிங்க."

"தம்பி, அவர்கிட்ட நான் பேசணும்" என்றாள் தையல்காரி.

"பேசுக்கா. தலை என் தோள்லதான் இருக்கு. கேக்கும்."

அவள் போனை வாயருகே கொண்டுபோனாள். "ஏங்க, நான்தான். நாங்க பக்கத்துல வந்துட்டோம். நீங்க ஒண்ணும் பேச வேணாம். பேர் எதுவும் சொல்ல வேணாம்."

தொப், தொப், தொப்.

"ஒரு சத்தம் மட்டும் போடுங்க. எதுவா இருந்தாலும் சரி. உம்னு ஒரு சத்தம்."

"நாலு" என்றான் மச்சான். அதற்குமேல் அவனால் பேச முடியவில்லை. பூட்ஸ் மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது. கனமாக, ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே நேரம் கூடிக்கொண்டே போனது. தையல்காரி போனைக் காதோடு வைத்து அழுத்திக்கொண்டாள். காலையில் ஸ்குரூடிரைவர் கைப்பிடியை வைத்துக்கொண்டாளே, அதே மாதிரி. கண்ணையும் மூடிக்கொண்டாள்.

"ஏங்க, ஒரே ஒரு சத்தம்."

மூன்றாவது மாடிக்குத் திரும்புகிற இடத்தில் பூட்ஸ் சத்தம் நின்றது.